தணலை வாரிய பிறகு தொடங்கும் சமையல்

இரண்டரைக் கிலோ செம்மறி ஆட்டுத் தோளை விறகுப் போறணைக்குள், அதாவது விறகு எரித்துச் சூடேற்றும் கல் அடுப்புக்குள், வைக்கிற நேரத்தில் உள்ளே நெருப்பு இருக்கக் கூடாது. தணலும் இருக்கக் கூடாது. புதிதாகப் போறணை கட்டிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். விறகுப் போறணை என்றாலே கொழுந்து விட்டெரியும் தீக்கு முன்னால் பீட்சா பொங்கி எழும் காட்சிதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. பீட்சாவுக்கு அது சரி. 400 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடேறிய கல்லில் அது இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அதே சூட்டில் பெரிய இறைச்சித் துண்டை வைத்தால் வெளியே கரியாகும், நடுவில் பச்சையாகவே கிடக்கும். பெரிய இறைச்சியை வேக வைப்பது கல் உள்ளிழுத்து வைத்திருக்கும் சூடு. அந்தச் சூட்டை முதலில் நிறைய ஏற்றி, பிறகு வேண்டிய அளவுக்கு இறக்கி, அங்கே நிறுத்தி வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெல்பேர்ணில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இத்தனை ஆண்டுகள் சமைத்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் பாண் போறணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. விறகை உள்ளேயே எரிப்பார்கள். எரிந்து முடிந்ததும் தணலை வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, பாணை உள்ளே தள்ளிக் கதவை மூடிவிடுவார்கள். 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை மூடிய பொம்பெய் நகரத்தின் பேக்கரிகளிலும் இதே மாதிரியான குவிமாடப் போறணைகள் இன்றும் நிற்கின்றன. மெல்பேர்ணின் வடக்குப் புறநகர்களில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் பின்வளவில் கட்டிய போறணைகள் பல வீடுகளில் இருக்கின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்தத் தலைமுறைக்காரர். நான் போறணை கட்டத் தொடங்கியபோது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து அவர் முதலில் கேட்ட கேள்வி, "கதவு என்னத்தில் செய்யப் போகிறாய்?" என்பது. இறைச்சி சுடுவதற்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

பீட்சா மட்டும் சுடுகிறவருக்குக் கதவே தேவையில்லை. இறைச்சிக்குக் கதவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், சூடு தாங்கவும் வேண்டும். என்னுடையது இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் செராமிக் பஞ்சு அடைத்தது. விளிம்பில் அதே பொருளில் செய்த கயிறு ஓடுகிறது. கதவு சரியில்லாத போறணையில் எவ்வளவு விறகு எரித்தாலும் இரவோடு இரவாகச் சூடு போய்விடும்.

போறணையின் உடம்பைப் பற்றியும் கொஞ்சம். எங்களுடையது உள்ளே ஒரு மீட்டர் விட்டம், நடு உயரம் 50 சென்ரிமீற்றர், வாயின் உயரம் 31 சென்ரிமீற்றர். வாயின் உயரம் குவிமாட உயரத்தில் ஏறத்தாழ 63 வீதம் இருந்தால் காற்று கீழாகப் போய்ப் புகை மேலாக ஒழுங்காக வரும் என்பது கட்டுபவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. இறைச்சி வாங்கப் போகும் முன் இந்த 31 சென்ரிமீற்றரை நினைவில் வைத்திருங்கள். தட்டின் உயரம், அதன் மேல் கம்பித்தட்டு, அதன் மேல் எலும்போடு கூடிய தொடை என்று சேர்த்துப் பார்த்தால் இடம் கெதியில் முடிந்துவிடும்.

சுவர் வெப்பம் தாங்கும் கல்லால் ஆனது. அதைச் சுற்றி செராமிக் போர்வை, தளத்துக்கு அடியில் கல்சியம் சிலிக்கேற் பலகை. பலகை இல்லாவிட்டால் தளத்தின் சூடெல்லாம் கீழே உள்ள கொங்கிறீற்றுக்கு இறங்கிவிடும். கட்டும்போது காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் காப்பில்தான். தயவுசெய்து அங்கே கைவைக்காதீர்கள். வெளிப்பூச்சை அடுத்த வருடம்கூடச் செய்யலாம், தளத்துக்கு அடியில் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. செராமிக் போர்வையை வெட்டும்போது நல்ல முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது.

விறகுக்கு இங்கே ரெட் கம், அயன்பார்க் இரண்டும் கிடைக்கும். இரண்டும் கடின மரம், தணல் நெடுநேரம் நிற்கும். ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் சிறு கருவி மலிவு விலையில் கிடைக்கிறது. விறகைப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும், வெளிப்புறம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டட வேலையில் மிஞ்சிய பலகைகளை ஒருபோதும் போடாதீர்கள். கறையான் அரிக்காமல் பதப்படுத்திய பைன் மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் இருக்கலாம். அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். பெயின்ற் அடித்த பழைய மரமும் அப்படித்தான், பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம்.

பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளியை மேலேயும் அடுக்கி மேலிருந்து கொளுத்தினால் புகை மிகக் குறைவு. எழும் புகை மேலே எரியும் தீயைக் கடந்து போக வேண்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து எரிந்துவிடுகிறது. அயலாரின் துணி கொடியில் காயும் நாட்களில் இந்த முறையின் அருமை தெரியும்.

தொடக்கத்தில் குவிமாடத்தின் உட்புறம் கரி பிடித்துக் கறுத்துவிடும். கல் 350 பாகையை நெருங்கும்போது அந்தக் கரியும் எரிந்து கல் மறுபடி வெளுக்கும். பலர் இதைப் பார்த்ததும் போறணை தயார் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பீட்சா சுட அது போதும். இறைச்சிக்குப் போதாது. கல்லில் சூடு மிக மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். ஒரு மணி நேரம் ஆவேசமாக எரித்தால் மேற்பரப்பு மட்டும் கொதிக்கும், இரண்டு அங்குலம் உள்ளே கல்லுக்கு அந்தச் சூடு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும், ஆகவே அது 380 காட்டினாலும் கதவை மூடிய அரை மணியில் சூடு சரிந்துவிடும். அதனால் நடுத்தரத் தீயாக இரண்டரை, மூன்று மணி நேரம் எரிக்க வேண்டும். வெளிச்சுவரில் கை வைத்துச் சூடு வருகிறதா என்று பார்ப்பது வேலைக்காகாது. காப்பு நன்றாக இருந்தால் வெளியே எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கட்டும்போதே கல்லின் நடுவில் ஒரு வெப்ப உணரியைப் புதைத்து வைத்தால் உள்ளே நடப்பதை அப்படியே அறியலாம். இனிக் கட்டப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எங்கள் வீட்டு ஒழுங்கு இது. சனி இரவு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய கூட்டாளிகளுக்கும் பீட்சா. எல்லோரும் சாப்பிட்டு முடிய, தணலை வாரி மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, பித்தளைத் தூரிகையால் தளத்தைக் கூட்டி, கதவைச் சாத்திவிடுவேன். இரவு முழுக்கக் கல்லுக்குள் இருக்கும் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஞாயிறு காலை கதவைத் திறந்தால் சுவரும் தளமும் ஏறத்தாழ ஒரே அளவில், 240 பாகைக்குக் கிட்ட நிற்கும். பெரிய இறைச்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தீ மூட்டிய அன்றே சுடுவதானால் தணலை வாரிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரமாவது கதவை மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தணல் கிடந்த இடம் ஒரு சூட்டிலும் மற்ற இடம் வேறொரு சூட்டிலும் இருக்கும்.

ஆட்டுத் தொடைக்கு 220 பாகை போதும். தோளுக்கு 160, 170. நாலைந்து கிலோ பன்றித் தோளுக்கு 140ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. 240இல் நிற்கும் கல்லை 165க்குக் கொண்டுவரக் கதவைத் திறந்து வைத்து, ஈரத் துணி சுற்றிய தடியால் தளத்தை ஒருமுறை துடைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வெப்பமானி 160 காட்டும். அதை நம்பி இறைச்சியை வைக்கக் கூடாது. மேற்பரப்பு மட்டும்தான் ஆறியிருக்கிறது. கதவை மூடி இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள், உள்ளிருந்து சூடு வந்து மறுபடி 200ஐத் தொட்டிருக்கும். திறந்து, மூடி, பொறுத்து, மறுபடி பார்த்து, மூடிய பின்னும் ஏறாமல் நின்றால்தான் அது உண்மையான அளவு. இந்த வேலைக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். ஆகவே நேரத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிட வேண்டும். வெப்பமானி கையில் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். சில விநாடியிலேயே கறுத்தால் எந்த இறைச்சிக்கும் அது அதிகம்.

இப்படி மெதுவாக இறங்கிக்கொண்டே போகும் சூடு இறைச்சிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. முதல் மணி நேரத்தில் மேற்புறம் சிவந்து மணம் பிடிக்கும், பிறகு சூடு தணியத் தணிய உட்புறம் பதமாக வேகும். மின்சார அடுப்பில் இதற்கென்று குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தத் துண்டை வாங்குவது? நம் வீடுகளுக்கு என் பதில் எப்போதும் தோள்தான். காரணம் நம் ஆட்களின் வாய். அவுஸ்திரேலியர்கள் ஆட்டுத் தொடையை நடுவில் 60 பாகைக்குச் சுட்டு, இளஞ்சிவப்பாகவே வெட்டிச் சாப்பிடுவார்கள், அது மிக நன்றாகவும் இருக்கும். அதையே அம்மாவுக்கு முன்னால் வைத்தால், "தம்பி, இது இன்னும் அவியேல்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவா. அவவுக்காகத் தொடையை 75 பாகை வரை விட்டால் நார் நாராக உலர்ந்துவிடும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு, அதனால் அது தாங்காது. தோளின் கதை வேறு. அது ஆடு நடக்க நடக்க உழைத்த தசை. அதில் தசையை இணைத்து நிற்கும் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. 70 பாகைக்கு மேலே பல மணி நேரம் இருந்தால் அந்தக் கொலாஜன் ஜெலற்றினாக உருகி, நாருக்கு நடுவில் பசையாக நிற்கும். உள்வெப்பம் 92, 95 பாகைக்கு வந்த தோளில் சிவப்பின் சாயல்கூட இருக்காது, ஆனால் முள்ளுக்கரண்டி பட்டாலே பிரியும். அம்மாவுக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாத உறவுகளும் பன்றி சாப்பிடாத நண்பர்களும் ஒரே மேசையில் இருக்கலாம்.

வெள்ளாட்டுக் கிடாய் இறைச்சி வேண்டுமென்றால் திறந்த தட்டில் வைக்காதீர்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு. கனமான வார்ப்பிரும்புச் சட்டியில், அரைவாசி உயரத்துக்கு வெங்காயமும் தக்காளியும் தண்ணீருமாக, மூடி போட்டு வைத்தால் மட்டுமே அதன் முழுச் சுவை கிடைக்கும்.

உப்பை முதல் நாளே பூச வேண்டும். கிலோவுக்கு 12 முதல் 15 கிராம், எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு. உப்பு மட்டும்தான் ஆழமாக உள்ளே போகும். உள்ளியும் மிளகும் கறித்தூளும் எவ்வளவு ஊற வைத்தாலும் சில மில்லிமீற்றருக்கு அப்பால் போவதில்லை. இது நம் சமையலில் ஊறிய கைகளுக்கு ஏற்க முடியாத விஷயம் என்று தெரியும், ஆனாலும் வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். யாழ்ப்பாணக் கறித்தூளைப் பூசிவிட்டு 220 பாகையில் வைத்தால் மிளகாயும் உள்ளியும் கருகிக் கசந்துவிடும். நான் செய்வது, தோளை உப்போடு மட்டும் வைத்து, முதல் ஒரு மணி நேரம் மேற்புறம் சிவந்த பிறகு வெளியே எடுத்து, மிளகு, பெருஞ்சீரகம், கறித்தூள், இஞ்சி, உள்ளி அரைத்த கூட்டைத் தேசிக்காய்ப் புளியில் குழைத்துப் பூசி, பேக்கிங் தாளும் மேலே அலுமினியத் தாளும் போட்டு இறுக்கி மூடி உள்ளே அனுப்புவது. அலுமினியத் தாள் நேரடியாகப் புளியில் படக் கூடாது, அரித்துவிடும். தட்டின் அடியில் வெங்காயமும் கறிவேப்பிலையும் இரண்டு விரல் தண்ணீரும். ஆழமான சுவை அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது. கடைசியில் அதை வற்ற வைத்துப் பிய்த்த இறைச்சியின் மேல் ஊற்றினால் இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அதுவே குழம்பு. அந்தத் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சொட்டும் கொழுப்பு உலர்ந்த சூடான தட்டில் விழுந்தால் புகைந்து, தீப்பிடிக்கவும் கூடும். தண்ணீர் இருந்தால் அது நடக்காது.

தட்டை நேராகத் தளத்தில் வைக்காமல் அடியில் தாழ்ந்த இரும்பு முக்காலி ஒன்றை வையுங்கள். தளம் தொட்டுச் சுடுகிறது, குவிமாடம் தொடாமலே சுடுகிறது. தட்டைத் தூக்கி வைத்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

இறைச்சி வெந்ததா என்பதை நேரம் சொல்லாது. இரண்டரைக் கிலோத் தோளுக்கு எங்கள் போறணையில் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் எடுக்கும். உங்கள் போறணையின் கல்லும் கதவும் வேறு. கம்பியுள்ள வெப்பமானியை மிகத் தடிப்பான இடத்தின் நடுவில், எலும்பைத் தொடாமல் செருகி, காட்டும் முகப்பை வெளியே வைத்து மூட வேண்டும். தோளும் பன்றியும் 70 பாகையை நெருங்கும்போது எண் அப்படியே நின்றுவிடும். சில வேளை ஒரு மணி, சில வேளை இரண்டு மணி. இறைச்சியிலிருந்து ஆவியாகும் நீர் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் வரும் நிலை இது. விருந்தினர் வாசலில் கார் நிறுத்துகிற நேரமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அப்போது உள்ளே விறகு போடும் ஆசை வரும். போடாதீர்கள். தாளால் நன்றாக மூடியிருந்தால் ஆவியாதல் குறைந்து எண் தானாக நகரும். இதையெல்லாம் கருதி நான் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே முடிகிற மாதிரிக் கணக்குப் போடுவேன். முந்தி முடிந்தால் தோளை மூடியபடி தடித்த துவாயில் சுற்றி எஸ்கிப் பெட்டிக்குள் (சூடும் குளிரும் வெளியே போகாத காப்புப் பெட்டி) வைக்கலாம். 60 பாகைக்கு மேலேயே நெடுநேரம் நிற்கும், இறைச்சியும் இன்னும் இளகும். அந்த 60 முக்கியம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும் என்பது இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. இரவு முழுக்கப் பன்றித் தோள் சுடுவோர் படுக்கப் போகும் முன் கல் 130க்குக் கீழே இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், எச்சரிக்கை ஒலி எழுப்பும் வெப்பமானியையும் பயன்படுத்துங்கள்.

தொடையை 60 பாகைக்குச் சுடுகிறவர்கள் 54, 55இலேயே வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் சூடு உள்ளே போய்க்கொண்டிருக்கும். வெட்டுவதற்கு முன் அரை மணி விடுங்கள்.

பன்றித் தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் மூடிய போறணை உதவாது. உள்ளே நிற்கும் ஈரம் தோலை மென்மையாக்கிவிடும். இதில் நான் பக்கத்து வீட்டுப் பெரியவரின் வழியைத்தான் பின்பற்றுகிறேன். இறைச்சி முழுவதும் வெந்த பிறகு தட்டை வெளியே எடுத்து, போறணையின் ஒரு பக்கத்தில் மெல்லிய சுள்ளிகளால் சிறு தீ மூட்டி, கொழுந்து குவிமாடத்தை நக்கத் தொடங்கியதும் இறைச்சியை மறுபக்கத்தில் கதவில்லாமல் வைப்பார். பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று தட்டைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். தோல் பொரிந்து குமிழ் குமிழாக எழும். தீ இருக்கும்போது கதவை இறுக்கமாக மூடி, பிறகு சடாரென்று திறக்கும் பழக்கம் வேண்டாம். உள்ளே எரியாமல் நிற்கும் வாயுவுக்குக் காற்றுப் பட்டதும் கொழுந்து முகத்துக்கு வரும். முதலில் ஒரு விரல் இடைவெளி திறந்து, ஒரு நிமிடம் விட்டுத் திறக்க வேண்டும்.

கோடை காலத்தில் விக்டோரியாவில் முழுத் தீத்தடை அறிவிக்கும் நாட்களில் வெளியில் விறகு எரிக்க முடியாது, போறணையும் அதில் அடங்கும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் ஆட்களை அழைக்கிறவர்கள் முதல் நாளே அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மாற்றாக வீட்டுக்குள் உள்ள அடுப்பையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கே குளிர்காலமான யூன், யூலைதான் போறணைக்கு உகந்த மாதங்கள். ஆனால் மழையில் நனைந்த குவிமாடம் முதல் சூட்டை ஈரத்தை ஓட்டவே செலவழிக்கும், அவசரமாக எரித்தால் வெடிப்பும் விடும். முதல் நாள் மாலை சிறு தீ ஒன்று போட்டு விட்டால் போதும்.

வாளியில் வாரிய சாம்பலை மறுநாளே குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அடியில் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். வாளியை வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கொண்டு போகவே கூடாது. அணைந்த மாதிரித் தெரியும் தணலிலிருந்தும் காபன் மொனொக்சைட் வரும்.

தோளை எடுத்த பிறகும் எங்கள் போறணை 130 பாகையில் நிற்கும். பிய்த்த எலும்புகளை வார்ப்பிரும்புச் சட்டியில் வெங்காயம், மிளகு, கொதிநீரோடு போட்டு மூடி உள்ளே வைத்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ரசம் போலத் தெளிந்த எலும்புச் சாறு தயார். அதற்குப் பிறகு 100 பாகைக்குக் கீழே இறங்கியதும் அடுத்த முறைக்கான விறகை உள்ளே அடுக்கிவிடலாம், ஆறுவதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.